விலையில்லா லேப்டாப்பில் நாம் அழித்த இன்னொரு பெயர்

1/ 2011-12 வாக்கில் உங்க வீட்டுப் பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் வந்துச்சா? ஆன் பண்ணதும் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ்.

என் தங்கச்சி லேப்டாப்பில் அந்த இரண்டாவதை ஒரே ஒரு தடவைதான் திறந்து பார்த்தேன். அப்புறம் டவுனில் ஒரு கடையில் கொடுத்து அதை அழிச்சிட்டு, முழுக்க திருட்டு விண்டோஸ் போட்டு வாங்கிட்டு வந்தோம். நிறைய பேர் இதைத்தான் செஞ்சோம்.

2/ எதை அழிச்சோம்? சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சு உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. தமிழிலேயே பயன்படுத்தலாம். காசு கிடையாது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான்.

3/ அதுக்கும் முன்னாடியே 2006இல் எல்காட் நிர்வாக இயக்குநரா வந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். 2008இல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். வேகமும் குறைஞ்சு போச்சு.

4/ "லினக்ஸ் சரியில்ல டாக்டர், அதான் தோத்துச்சு" என்பீங்க. இதை நீங்க படிக்கிற போன் ஆண்ட்ராய்டா? அதுக்குள்ள இருப்பது லினக்ஸ்தான். 2017 நவம்பரில் வந்த பட்டியலில், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின.

மருந்தில் குறையில்லை. அப்போ குறை எங்கே?

5/ எங்க துறையிலேயே பதில் இருக்கு. ஜெனரிக் மாத்திரை மலிவு என்பது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அது அரசு மருத்துவமனைக்குள் நிலைச்சு நின்றது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால். மொத்தக் கொள்முதல், கிடங்குகள், ஒவ்வொரு பேட்சுக்கும் தரப் பரிசோதனை. அதனாலதான் பிராண்ட் பெயர் இல்லாத மாத்திரையை நான் நம்பி எழுதுறேன்.

6/ பாஸ் லினக்ஸுக்கு அந்த ஏற்பாடு அமையலை. பிரிண்டர் வேலை செய்யலைனா யாரைக் கேட்கணும்? வாத்தியாருக்கு யார் சொல்லிக் கொடுத்தா? பரிட்சையில் அது வந்துச்சா? மாத்திரையைக் கையில் கொடுத்துட்டு, எப்படிச் சாப்பிடணும்னு சொல்லாம அனுப்பிட்டோம்.

7/ பக்கத்து மாநிலம் கேரளாவைப் பாருங்க. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. பாடப்புத்தகத்தை மாத்தினாங்க. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே லினக்ஸில் வச்சாங்க. அங்கே அது இன்னைக்கும் ஓடுது.

8/ இந்தப் பழங்கதை இப்போ எதுக்கு?

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் அதே கதை.

பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினி, தடுப்பூசி போடாத குழந்தை மாதிரி. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தபோது, இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போச்சு.

9/ ஓப்பன் சோர்ஸ் போட்டி போட முடியுமா? முடியும். இலவசம் என்பதால் மட்டும் முடியாது. கூடவே சொல்லிக் கொடுக்க ஒரு ஆள், பழுது பார்க்க ஒரு ஆள் வேணும்.

வீட்டில் பழைய லேப்டாப் மூலையில் கிடக்கா? எடைக்குப் போட்டுடாதீங்க. தேவையான ஃபைல்களை எடுத்து வச்சிட்டு, தெரிஞ்ச ஆள் உதவியோட ஒரு லினக்ஸ் போட்டுப் பாருங்க. இந்தத் தடவை அழிக்காம ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க.


அரசு மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்