யாருடைய மனம் புண்படக் கூடாது?

"மற்றவங்க மனசு புண்படுமே!" கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சாதிச் சுவரை இடிக்கச் சொன்னாலும், தேர் சேரிக்குள் வர வேண்டும் என்று கேட்டாலும் நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான். இந்தப் பதில் ஏறக்குறைய 300 ஆண்டுப் பழசு. தரங்கம்பாடியின் கதையைப் படித்தால் அது புரியும்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ் வணிகர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். மிளகும் துணியும்தான் அவர்கள் நோக்கம். 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்குவும் புளுச்சாவும் அங்கே வந்து இறங்கியபோது கம்பெனி அதிகாரிகள் மகிழவில்லை, பயந்தார்கள். மதம் மாற்றினால் ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள், வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. 1707இல் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அடுத்த ஆண்டே கோட்டைத் தளபதி சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

கம்பெனியின் பயத்துக்கு மிஷன் பணியவில்லை. ஆனால் சாதிக் கிறிஸ்தவர்களின் அருவருப்புக்குப் பணிந்தது. தேவாலயத்துக்குள்ளேயே பறையர்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது.

இராஜநாயக்கனின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. பறையர் சமூகத்தில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் வீரர். மிஷன் அச்சிட்ட தமிழ் வேதப் புத்தகத்தைத் தானே படித்துத் தேடி வந்தவர். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார். மிஷனரிகள் அவரை மெச்சினார்கள். ஆனால் குருப்பட்டம் என்று வந்தபோது, 1733இல் வேளாளரான ஆரோனுக்கே அது கிடைத்தது. இராஜநாயக்கன் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அதன் மேல் மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1771இல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

மிஷன் தந்த எழுத்தையும் பள்ளியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இராஜநாயக்கனை அங்கே கொண்டுவந்ததே ஒரு புத்தகம்தான். அவர்கள் காட்டிய அன்பும் பொய்யில்லை. ஆனால் அந்த அன்பு, அடுத்தவர் முகம் சுளிக்கும் இடத்தில் நின்றுவிட்டது. சுளித்தவர்களின் உணர்வு காரணமாக ஏற்கப்பட்டது. மறுக்கப்பட்டவருக்கு எப்படி வலித்திருக்கும் என்பது முடிவெடுத்தவர்களின் கணக்கில் வரவேயில்லை.

ஆய்வு செய்யும் தம்பி, தங்கைகளே, ஆவணத்தில் "மக்கள் மனம் புண்படும்" என்று படித்தால், எந்த மக்கள் என்று கேளுங்கள். அமைதிப் பேச்சுவார்த்தையில் தாசில்தார் அதையே சொன்னாலும் கேளுங்கள்.