ஐந்து வகுத்தலில் உடைந்த எண்: 4294967297

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. நிரல் எழுதுறவங்களுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய முழு எண்ணைவிட இரண்டுதான் கூட. அதாவது 2³² + 1. இது பகா எண் என்ற கருத்து 92 வருஷம் தாக்குப்பிடித்தது, சொன்னவர் ஃபெர்மா என்பதால்.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று 1640 ஆகஸ்டில் ஃபிரெனிக்கிளுக்கு எழுதினார் ஃபெர்மா. முழு நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் 1659-இல் கார்கவிக்கு எழுதும்போது, தான் தீர்த்துவிட்ட விஷயங்களோடு இதையும் சேர்த்துவிட்டார்.

வேடிக்கை என்னன்னா, இதை உடைக்கிற கருவியே அவருடையதுதான். அதே 1640 அக்டோபரில், அதே ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில், இன்று ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்று நாம் படிக்கிற விஷயம் இருக்கிறது. அதை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அப்போ 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். சிறு தேற்றப்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் மீதியின்றி வகுபடணும்.

அதாவது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி பூஜ்யம்!

4294967297 = 641 × 6700417.

ஐந்தே வகுத்தல். ஃபெர்மா கட்டாயம் இதைச் செய்து பார்த்திருப்பார், எங்கேயோ கணக்குத் தப்பியிருக்கும் என்று ஆந்த்ரே வெயில் ஊகிக்கிறார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. இவ்வளவு கூர்மையான ஆள் முயற்சியே பண்ணாமல் விட்டிருப்பார் என்பதை நம்ப முடியவில்லை.

1729 டிசம்பரில் கோல்ட்பாக், ஃபெர்மா சொன்ன இது உங்களுக்குத் தெரியுமா என்று ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் ஆய்லர் 641-ஐக் காட்டினார். அப்போது அவருக்கு வயசு 25. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அந்தக் கட்டுரையில் சொல்லவில்லை. 64-இன் மடங்கு விஷயம் பின்னாடி எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் வருகிறது.

கால்குலேட்டர் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆக, 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 625 × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 625 + 16; அதனால் 625 இருக்கும் இடத்தில் −2⁴ என்று போடலாம். −2³²-க்கு மீதி 1 என்று வந்துவிடும். அவ்வளவுதான்.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1. அதை 1880-இல் உடைத்தவர் லாந்த்ரி, 82 வயதில். ஃபெர்மா பார்த்த அந்த ஐந்துக்குப் பிறகு ஆறாவது பகா எண் ஒன்றுகூட இந்த வரிசையில் இதுவரை சிக்கவில்லை.