ஆச்சியும் கண்வலிக்கிழங்கும்

குற்றாலத்துல சாரல் விழுந்தா தென்காசிப் பக்கம் வேலியோரமா செங்காந்தள் கண்ணுல படும். சின்ன வயசுல பறிக்கப் போனா ஆச்சி கையைத் தட்டிவிடுவா. "கிழங்கு விஷம்டே!"

நம்ம மாநில மலர் இது. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற 99 பூவுல முதல் பேரே காந்தள்தான். மண்ணுக்குள்ள இருக்குற கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால கலப்பைக்கிழங்குன்னும் பேர். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாம இதை மருந்துல சேர்க்க மாட்டாங்க. மூட்டுவலிக்கு அரைச்சுப் பத்துப் போடுறதும் உண்டு.

1820-ல பிரான்சுல பெல்லத்தியே, கவந்தூன்னு ரெண்டு பேர் வேறொரு செடியில கால்ச்சிசினைப் பிரிச்சாங்க. நம்ம கிழங்குலயும் அதே சரக்கு இருக்குன்னு 1915-ல தெரிஞ்சது. இன்னைக்கு கவுட் வாதத்துக்கு அதுதான் மாத்திரை. அதுக்காகவே தமிழ்நாட்டுல ஏக்கர் கணக்கில் பயிர் பண்ணி விதையை விக்கிறாங்க.

ஆனா சீனிக்கிழங்குன்னு நெனச்சுத் தின்னு செத்தவங்க இலங்கையில உண்டு. முறிவு மருந்தும் கிடையாது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இருக்கிறது அளவும் பக்குவமும் மட்டுந்தான். இணையத்துல படிச்சிட்டு மண்வெட்டியத் தூக்காதீங்க மக்கா!