கன்ட்ரி கேப்டன் என்னும் கோழி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும், விருந்தாளி வந்தால் செய்கிற ஒரு கோழிக் குழம்புக்குப் பெயர் ‘கன்ட்ரி கேப்டன்’. மாவில் புரட்டி வறுத்த கோழித் துண்டுகள், வெங்காயம், பச்சைக் குடமிளகாய், தக்காளி, கொஞ்சம் கறி பவுடர், தைம் இலை, கருப்பு உலர்திராட்சை, மேலே வறுத்த பாதாம். பக்கத்தில் பொலபொலவென்று வெள்ளைச் சோறு. பொரித்த கோழி, சோள ரொட்டி வரிசையில் இதையும் வைத்து, எங்கள் பாட்டி காலத்துச் சமையல் என்பார்கள் அங்கே.

பெயரில் இருக்கிற கேப்டன் யார் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். இந்தியாவிலிருந்து மசாலா ஏற்றிவந்த ஒரு கப்பல் கேப்டன் ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தில் கரையிறங்கினான், யாரோ வீட்டில் தங்கினான், சோறு போட்ட நன்றிக்கு இந்தச் சமையலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். சார்ல்ஸ்டன்காரர்களிடம் கேட்டால் அதே கப்பல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நிற்கும்.

கேப்டனுக்குக் கதை சொல்கிறவர்கள் முன்னால் நிற்கும் ‘கன்ட்ரி’யைக் கண்டுகொள்வதில்லை. முடிச்சு அதில்தான். அதை அவிழ்க்கத் தமிழ்க் காது ஒன்று இருந்தால் போதும்.

நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து, நாட்டு ஓடு, நாட்டுச் சரக்கு. ஒரு பொருளின் முன்னால் ‘நாட்டு’ என்று நாம் ஒட்டும்போது பட்டிக்காட்டில் விளைந்தது என்று சொல்லவில்லை. இந்த மண்ணுக்குரியது, கடல் தாண்டி வராதது என்கிறோம். எதிர்ப்பக்கத்தில் ‘சீமை’ நிற்கும்: சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைப் பசு, சீமைக் கருவேலம். காய்கறிக் கடையில் இன்றைக்கும் கேரட், பீன்ஸ், கோஸ் வகையறா இங்கிலீஷ் காய். கத்தரி, வெண்டை, அவரை நாட்டுக் காய். தக்காளி கதைதான் வேடிக்கை. தென்னமெரிக்காவில் பிறந்த செடி இங்கே வந்து, பெங்களூர்த் தக்காளிக்கு எதிரே நாட்டுத் தக்காளி என்று பெயர் வாங்கி உட்கார்ந்துவிட்டது.

கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் இங்கே பேசிய ஆங்கிலத்தில் ‘கன்ட்ரி’ இதே வேலையைத்தான் பார்த்தது. தமிழில் நாட்டு என்றும் இந்துஸ்தானியில் தேசி என்றும் நாள் முழுக்கக் காதில் விழுந்தால் வேறென்ன ஆகும்? ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே தருகிறது. கன்ட்ரி என்றால் இந்தியாவில் ஆனது. அதற்கு எதிர்ச்சொல் ‘ஐரோப்பா’. குதிரைக்குப் பூட்டும் சேணத்தில் கன்ட்ரி சேணம் உண்டு, ஐரோப்பா சேணம் உண்டு. இங்கே பிறந்த வெள்ளைக்காரர் ‘கன்ட்ரி-பார்ன்’. பீப்பாயில் கப்பலேறி வந்து இங்கே பாட்டிலில் அடைபட்ட பீர்கூடக் கன்ட்ரி ஆகிவிடும். கொஞ்சம் மட்டம்தான் என்ற தொனி அதில் உண்டு என்பதையும் அகராதி ஒளிக்கவில்லை.

கப்பலிலும் அப்படியே. இங்கிலாந்துக்கும் ஆசியாவுக்கும் இடையே நடந்த கடல் வாணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை. இந்திய வாணிகத்தில் அது 1813 வரை நீடித்தது, சீன வாணிகத்தில் 1833 வரை. ஆசியத் துறைமுகங்களுக்குள்ளே சென்னை, கல்கத்தா, பம்பாய், கான்டன் என்று சுற்றும் வாணிகத்தைத் தனியாருக்கு விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் கன்ட்ரி டிரேட். அதில் ஓடியவை கன்ட்ரி கப்பல்கள். முதலாளி பார்சியாக இருக்கலாம், ஆர்மீனியராக இருக்கலாம், கம்பெனியை விட்டு வந்த வெள்ளைக்காரராக இருக்கலாம். பஞ்சும் அபினியும் ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகும். அந்தக் கப்பலை ஓட்டுகிறவர்தான் கன்ட்ரி கேப்டன். நம் வழக்கில் சொன்னால் நாட்டுக் கப்பல் கேப்டன். 1792 ஏப்ரலில் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகை இவர்களைக் கிண்டலடித்திருக்கிறது: முன்போல் இல்லையாம், இப்போது இவர்களுக்கும் சாதாரண மனிதர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லையாம். பத்திரிகையே கிண்டலடிக்கிற அளவுக்கு அந்த இனம் ஊருக்குள் பிரபலம்.

அவர்கள் மேசையில் பரிமாறிய கோழிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். வில்லியம் ஹன்டர் என்ற வணிகர், அமெரிக்கர், கென்டக்கியில் பிறந்தவர். இளம் வயதிலேயே, 1825இல், கான்டன் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில், 1882இல், எழுதிய நினைவுக் குறிப்பில், கான்டனுக்குக் கீழே வாம்போவா துறையில் நின்ற கன்ட்ரி கப்பல்களில் விருந்துக்குப் போனதையும் அங்கே ‘கன்ட்ரி கேப்டன்’ என்ற பதார்த்தம் அடிக்கடி மேசைக்கு வந்ததையும் சொல்கிறார். ஆக, தென் மாநிலத்தார் ஒருவர் இந்தக் கோழியைச் சாப்பிட்டது சவானாவில் அல்ல, சீனக் கரையில். ‘கேப்டன்’ என்பது ‘கேப்பன்’, அதாவது காயடித்த சேவல், என்ற சொல்லின் திரிபு என்று இன்னொரு கட்சி உண்டு. ஹன்டரின் குறிப்பைப் படித்த பிறகு அந்தக் கட்சியில் எனக்குச் சேரத் தோன்றவில்லை.

சரி, அந்தக் கோழி எப்படி இருந்தது? இங்கேதான் சென்னை வருகிறது. வங்காளத்தில் இந்தப் பெயருக்குக் காலை உணவுக்கு வைக்கிற ஒரு வகை வறட்டுக் கறி என்று பொருள். சென்னையில், பிளந்து தட்டையாக்கிய முழுக்கோழியை வெங்காயமும் கறி மசாலாவும் சேர்த்துச் செய்வது. பழைய வடிவம் சென்னையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது ஹாப்ஸன்-ஜாப்ஸன். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். சென்னை மாகாணத்துச் சாப்பாட்டு மேசை அவருக்கு அத்துபடி.

முதுகெலும்போடு பிளந்து விரித்த கோழி சீக்கிரம் வேகும். அவசரத்துக்கு அதுதான் தோது. பயணியர் பங்களாவில் துரை வண்டியை விட்டு இறங்கும்போது முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் கோழி, அவர் குளித்து உடை மாற்றுவதற்குள் தட்டில் இருக்கும். அதற்கு அவர்களே வைத்த செல்லப் பெயர் ‘திடீர் மரணம்’. கல்கத்தாவில் அச்சான பழைய சமையல் புத்தகங்களில் கன்ட்ரி கேப்டனுக்கு நெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, மெல்லிசாக நீளவாக்கில் அரிந்த வெங்காயம் ஏராளம், இவ்வளவுதான். வெங்காயத்தை முறுவலாகப் பொரித்தெடுத்து, அதே நெய்யில் கோழியைப் புரட்டி, மேலே வெங்காயத்தைத் தூவிவிடுவார்கள். தக்காளி கிடையாது. குடமிளகாய், திராட்சை, பாதாம் எதுவும் கிடையாது. நம் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இன்றும் கன்ட்ரி கேப்டன் என்றால் ஏறக்குறைய இந்த வழிதான்.

அமெரிக்காவுக்கு இது போன பாதையில் கேப்டனைவிடப் புத்தகத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணக்கு. அமெரிக்கக் கப்பல்கள் இங்கே வராமல் இல்லை. ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு கப்பல் 1784 டிசம்பரில் புதுச்சேரி வந்து நின்றது. ஆனால் அது கிளம்பியது ஃபிலடெல்ஃபியாவிலிருந்து, தென் மாநிலத்திலிருந்து அல்ல. தென் மாநிலச் சமையலறைகளுக்கோ கறி பவுடர் ஏற்கெனவே பழக்கம்: 1824இல் வந்த மேரி ராண்டால்ஃபின் ‘வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ புத்தகத்திலேயே கறி பவுடருக்குச் செய்முறை இருக்கிறது. மஞ்சள், தனியா, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகாய்த்தூள், எல்லாம் ஒவ்வொரு அவுன்ஸ். தனியாவுக்குச் சமமாக ஜாதிக்காயைப் போட்டால் அந்த வீட்டில் என்ன மணம் அடித்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

கன்ட்ரி கேப்டன் என்ற பெயரோடு செய்முறை 1857இல் ஃபிலடெல்ஃபியாக்காரர் எலைசா லெஸ்லியின் புத்தகத்தில் வருகிறது. வெந்த கோழியில் கறி பவுடரைத் தடவி வெங்காயத்தோடு வறுக்கச் சொல்கிறார். தேங்காய்த் துருவல் சேர்த்தால் இன்னும் நல்லது என்கிறார், புண்ணியவதி. பெயருக்கும் விளக்கம் தருகிறார்: ஆங்கிலேயரிடம் சம்பளம் வாங்கும் சிப்பாய்ப் படையின் கேப்டன். ‘கன்ட்ரி’ என்றால் இந்திய மண்ணைச் சேர்ந்தது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டு, கேப்டனைக் கப்பலிலிருந்து இறக்கிப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்.

டெல்மோனிக்கோஸ் உணவகத்தில் சமையற்காரராக இருந்த ஃபிலிப்பினி 1906இல் போட்ட பெரிய புத்தகத்தில் இது மறுபடி தலைகாட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரத்துத் திருமதி புல்லார்ட் தன் பாணியை உருவாக்கினார் என்பது இந்தச் சமையலின் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் தேடிய உணவுப் பத்திரிகையாளர் செசிலி பிரௌன்ஸ்டோனின் முடிவு. தக்காளி, குடமிளகாய், திராட்சை, பாதாம் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த வடிவம் புல்லார்ட் வீட்டு மேசையிலிருந்து பரவியதுதான். போலியோ சிகிச்சைக்காக 1924 முதல் பக்கத்து வார்ம் ஸ்பிரிங்ஸுக்கு வந்துபோன, பின்னாளில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இது பிடித்துப்போனது. ஃபோர்ட் பென்னிங் முகாமில் இருந்த ஜெனரல் பேட்டனுக்கும் அப்படியே. ரயிலில் கொலம்பஸ் வழியாகப் போகும்போது, விருந்து வைக்க நேரமில்லை என்றால் ஒரு வாளியிலாவது ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று அவர் தந்தி கொடுத்ததாக ஒரு கதை. அவர் நினைவாக அமெரிக்க ராணுவத்தின் பொட்டலச் சாப்பாட்டில்கூட இது இடம்பிடித்தது.

வார்ம் ஸ்பிரிங்ஸ் வீட்டில் ரூஸ்வெல்ட்டுக்குச் சமைத்தவர் டெய்சி பானர் என்ற கறுப்பினப் பெண். அவர் கைப்பக்குவத்தில் கன்ட்ரி கேப்டனும் ஒன்று. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் அந்த வீட்டிலேயே இறந்த பிறகு, அங்கே அவருக்கு முதல் சாப்பாடும் கடைசிச் சாப்பாடும் சமைத்தது தான்தான் என்று அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், எழுத்து அப்படியே இருக்கிறது. தென் மாநிலங்களின் ‘பாட்டி சமையலில்’ பாதிக்கு மேல் இப்படிப் பிறர் வீட்டு அடுப்பில் வெந்த பெண்களின் சமையல். சென்னை பங்களாக்களில் கோழியைப் பிளந்து போட்ட நம்மூர் பட்லர்கள் சுவரில் எதுவும் எழுதிவைக்கவில்லை.

என் எண்ணம் இதுதான்: இந்தச் சாப்பாடு அங்கே ஊன்றிக்கொண்டதற்குக் கறி பவுடரைவிடக் ‘கன்ட்ரி’ என்ற சொல்லே பெரிய காரணம். தென் மாநிலங்களில் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும். உப்பிட்டுப் புகைபோட்ட பன்றித்தொடை கன்ட்ரி ஹாம். மாவில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சி கன்ட்ரி-ஃப்ரைடு ஸ்டேக். பால் ஊற்றிக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு கன்ட்ரி கிரேவி. கன்ட்ரி என்றால் கிராமம், அம்மா கை, பகட்டில்லாத நம்ம சாப்பாடு. ‘மெட்ராஸ் சிக்கன்’ என்று வந்திருந்தால் அந்நியச் சரக்காக ஓரமாக நின்றிருக்கும். கன்ட்ரி என்று வந்ததால் சொந்தமாகிவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் ‘இந்தியாவுடையது’ என்று பொருள்பட்ட அதே சொல் அந்தப் பக்கம் ‘நம்முடையது’ என்று பொருள்பட்டது. மட்டம் என்ற பழைய தொனி இரண்டு கரையிலும் மறைந்துவிட்டது. நாட்டுக்கோழி பிரியாணி என்று பலகை வைத்த கடையில் விலையைப் பார்த்தால் தெரியும்.

சமைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முழுக்கோழிக்குக் கறி பவுடர் இரண்டே டீஸ்பூன். நம் கை சும்மா இருக்காது, இன்னும் இரண்டு போடச் சொல்லும், போடாதீர்கள். இஞ்சி பூண்டு விழுது சேர்த்தால் அது நம் வீட்டுக் குருமா, அதைச் செய்ய இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோழி வறுத்த எண்ணெயிலேயே வெங்காயமும் குடமிளகாயும் வதங்கி, கறி பவுடர் அரை நிமிடம் பொரிந்து, அதற்குப் பிறகுதான் தக்காளி. அடியில் பிடித்த மாவைக் கரண்டியால் சுரண்டிவிட்டால் அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். திராட்சையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் தக்காளியின் புளிப்பை உறிஞ்சி உருண்டையாக உப்பும்; முதலிலேயே போட்டால் கரைந்து குழம்பு பாகாகிவிடும். தைமைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் இந்தக் குழம்புக்கு ஜார்ஜியா இல்லை. பெயரைப் பார்த்து நாட்டுக்கோழி வாங்கிவிடவும் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் அது வேகாது, அதற்குள் தக்காளி சுண்டிப் பாத்திரம் அடிப்பிடிக்கும்.

பிறகு இனிப்பு. தென் மாநில வழக்கப்படி பெக்கான் பை வைப்பவர்கள் உண்டு. குழம்பிலேயே திராட்சை தித்தித்த பிறகு அந்தப் பாகும் பருப்பும் எனக்குத் திகட்டுகிறது. ஜார்ஜியாவில் பீச் பழம் காய்க்கும் கோடையில் பீச் காப்ளர் செய்யலாம், எலுமிச்சைச் சாறு கொஞ்சம் தாராளமாகப் பிழிந்து. மற்ற மாதங்களில் மோர் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். அந்த ஊரிலும் மோருக்குக் குறைவில்லை.