பாஸ்டன் வாசகர்களின் பதிப்பகம்

1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் நியூயார்க்கிலிருந்து 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையே பிரதானமாகக் கொண்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்று முதன்முதலாக உதயமாயிற்று. அதைப் பின்பற்றி வெளிவந்த பத்திரிகைகள் பலவும் மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. காகிதத்தில் தங்கிய அமிலமே நாளடைவில் அதை அரித்துவிடுமாதலால், பதினைந்து இருபது வருஷங்களில் தாள் பழுப்பேறி, புரட்டும்போதே ஓரங்கள் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். அந்தத் தலைமுறையின் சிறந்த கதைகளிற் பெரும்பகுதி இந்தக் காகிதத்தைத் தவிர வேறு புகலிடம் அறியாதது. எழுதியவருக்குச் சொற்ப சன்மானம் கிடைத்தது. அடுத்த மாத இதழ் வந்ததும் முந்தைய இதழ் பழைய காகிதக் கடைக்குப் போயிற்று.

கெர்ன்ஸ்பாக் செய்த இன்னொரு காரியம் அப்போது அற்பமாகத் தோன்றியிருக்கக்கூடும். வாசகர் கடிதங்களை அவர்களுடைய முழு விலாசத்தோடு அவர் பிரசுரித்தார். அதனால் பத்திரிகைக்கு எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதலாயினர். ஒரே நகரத்தில் வசித்தவர்கள் சந்தித்தனர். சந்தித்தவர்கள் சங்கம் கண்டனர். பாஸ்டன் நகரத்து ரசிகர்கள் அமைத்த 'ஸ்ட்ரேஞ்சர் கிளப்' என்னும் குழு, 1941-இல் 'போஸ்கோன்' என்ற பெயரில் ஒரு சிறு மகாநாட்டைக் கூட்டியது. யுத்தகாலத்தின் சிரமங்களுக்கிடையே சில ஆண்டுகள் நடந்த அம்மகாநாடு பின்னர் நின்றுபோய், இருபது வருஷம் உறங்கிக் கிடந்தது.

இதற்கிடையில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி. என வழங்கும் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் 1949-இல் ஒரு விஞ்ஞானக் கற்பனைச் சங்கத்தைத் தொடங்கி, பத்திரிகைகளையும் நூல்களையும் விடாமல் சேர்த்துவந்தனர். அவர்களுடைய நூலகத்தில் அலமாரிகள் பூட்டப்படுவதில்லை. யாரும் கையாலெடுத்துப் புரட்டலாம். சேர்ப்பவனுக்கு விரைவில் ஒரு சங்கடம் நேர்கிறது: தன்னிடம் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று அறிய வழியில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் போர்ட்லண்ட் நகரத்து ரசிகரான டொனால்ட் டே, 1926 முதல் 1950 வரை வெளியான இதழ்களை ஆராய்ந்து, ஆசிரியர் பெயராலும் கதைத் தலைப்பாலும் தேடிக் காணத்தக்க அட்டவணை ஒன்றை 1952-இல் வெளியிட்டிருந்தார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து, 1951 முதல் 1965 வரையுள்ள இதழ்களுக்கு எர்வின் ஸ்ட்ராஸ் தொகுத்த அட்டவணையை எம்.ஐ.டி. சங்கம் வெளியிட்டது. 1966 முதல் 1970 வரையுள்ள காலத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்றது, நாம் பேசவந்த ஸ்தாபனமாகிய 'நியூ இங்கிலாந்து விஞ்ஞானக் கற்பனைச் சங்கம்', சுருக்கமாக நெஸ்ஃபா.

இந்த அட்டவணைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இச்சங்கத்தின் பிற்காலப் பதிப்புப் பணிக்கு இவையே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம். ஒரு ஆசிரியருடைய கதைகளனைத்தையும் திரட்டுவதென்றால், அவர் எந்தப் புனைபெயரில், எந்தப் பத்திரிகையில், எந்த மாதத்தில் எழுதினார் என்பது முதலில் தெரிய வேண்டும். பிரசுர வியாபாரிகள் அந்த வேலையில் சிரத்தை காட்டவில்லை. சர்வகலாசாலைகளோ அன்று இவ்விலக்கியத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் கூடிய வாசகர்களே, கூலி எதிர்பாராது, இதழ் இதழாகப் புரட்டிக் குறிப்பெடுத்தனர். நம் நாட்டிலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, பைண்டு செய்து, வீட்டில் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. அந்த அன்பே இங்கு ஒரு சங்கமாகத் திரண்டது எனலாம்.

நெஸ்ஃபா 1967-இல் பிறந்தது. போஸ்கோன் மகாநாடு அதற்கு இரண்டாண்டு முன்னரே புத்துயிர் பெற்றிருந்தது; புதிய சங்கம் அதைத் தன் பொறுப்பில் ஏற்றது. அக்காலத்து ரசிகர் பத்திரிகைகள் மிமியோகிராப் யந்திரத்தில், அதாவது மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து உருளையில் மை தடவிச் சுற்றும் யந்திரத்தில், தயாராயின. அச்சான பக்கங்களை நீண்ட மேஜையைச் சுற்றி வரிசையாக அடுக்கிவைப்பார்கள். அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக மேஜையைச் சுற்றிவந்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு தாளை எடுத்துச் சேர்ப்பார்கள். முடிவில் நிற்பவர் கம்பி தைப்பார். ஒரு சஞ்சிகை முழுதும் பேச்சுக்கும் நடைக்கும் இடையே உருவாகிவிடும். ஒருமித்து உழைக்கும் பழக்கம் இத்தகைய மேஜைகளைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1971-இல் உலக விஞ்ஞானக் கற்பனை மகாநாட்டைப் பாஸ்டனில் நடத்தும் துணிவையும் அதுவே தந்தது.

ரசிகர்கள் பதிப்பகம் நடத்துவது புதிதன்று. விஸ்கான்ஸின் மாநிலத்தின் ஆர்க்காம் ஹவுஸ் 1939-இலும், பென்ஸில்வேனியாவின் ஃபாண்டஸி பிரஸ் 1946-இலும், நோம் பிரஸ் 1948-இலும் தோன்றியவை. பெரிய பதிப்பகங்கள் இத்துறையில் புகுந்ததும் அவற்றிற் பல மறைந்தன. நெஸ்ஃபாவின் தொடக்கம் அவற்றைவிட அடக்கமானது. போஸ்கோன் மகாநாட்டுக்குக் கௌரவ விருந்தினராக வரும் எழுத்தாளருக்கு மரியாதையாக அவருடைய படைப்புகளில் ஒரு சிறு நூலைக் கொண்டுவருவது என்ற வழக்கம் 1972-இல், ஸ்ப்ரேக் டி காம்ப்பின் புத்தகத்தோடு ஏற்பட்டது. 1974-இல் ஐஸக் அசிமோவின் கதைகள் அவ்வாறே வந்தன.

மகாநாடு மட்டும் வருஷாவருஷம் பெருத்துக்கொண்டே போயிற்று. 1987-இல் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டதும், ஹோட்டலில் நேர்ந்த தொல்லைகளின் பயனாக மறு ஆண்டு பாஸ்டனைவிட்டே அது ஸ்பிரிங்பீல்டுக்குப் போகவேண்டியதாயிற்று. கூட்டத்தைக் குறைத்துப் புத்தகத்தையே நடுநாயகமாக வைப்பதென்று சங்கம் தீர்மானித்தது. பலருக்கு அது கசப்பாயிருந்தது. வேறு மாதிரியான மகாநாட்டை விரும்பியவர்கள் 1990-இல் 'அரீஸியா' என்ற பெயரில் தனியே ஒன்றை ஆரம்பித்தனர். ஆயினும் அந்தத் தீர்மானம் சரியானதென்றே எனக்குப் படுகிறது. அதையடுத்த பத்தாண்டுகளில் இச்சங்கம் செய்த கைங்கரியம் அதற்குச் சான்று.

1991-இல் ஜேம்ஸ் ஷ்மிட்ஸின் கதைகளோடு தொடங்கிய வரிசை, அச்சில் கிடைக்காத ஆசிரியர்களை ஒருவர்பின் ஒருவராக மீட்டது. 1993-இல் வந்த கார்ட்வைனர் ஸ்மித்தின் முழுத்தொகுதியை இங்கே சிறப்பித்துச் சொல்ல வேண்டும். அப்புனைபெயருக்குரியவர் பால் லைன்பார்கர். சீன அரசியலில் நிபுணர். யுத்தகால மனோதத்துவப் பிரசாரத்தைப் பற்றிப் பிரமாண நூல் எழுதியவர். அவருடைய 'ஸ்கானர்ஸ் லிவ் இன் வெயின்' பெரிய பத்திரிகைகளில் இடம்பெறாமல், 1950-இல் 'ஃபாண்டஸி புக்' என்ற மிகச் சிறிய இதழில் வெளிவந்தது. அதே இதழில் ஃபிரடெரிக் போலின் கதையும் இருந்தது; அதனால் இதழ் அவர் கைக்கு வந்தது; தாம் படித்து வியந்த அக்கதையை அவர் தம் தொகை நூலொன்றில் சேர்த்தார். இத்தகைய தற்செயலை நம்பிப் பிழைத்த எழுத்து அது. ஸ்மித் 1966-இல் ஐம்பத்துமூன்றாம் வயதில் இறந்தார். அவருடைய விஞ்ஞானக் கற்பனைச் சிறுகதைகளனைத்தும் ஒரே கட்டடத்தில், நீடித்து நிற்கும் தாளில் கிடைக்க இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

அரிஸோனாவில் பள்ளி ஆசிரியையாயிருந்த ஸென்னா ஹெண்டர்ஸனின் 'மக்கள்' கதைகள் 1995-இல், அதுவரை அச்சேறாத ஒரு கதையும் சேர்த்து, வெளியாயின. முப்பத்துநாலு வயதிலேயே மறைந்த கார்ன்ப்ளத் தனியாக எழுதிய கதைகள் 1997-இல் வந்தன. இவ்விருவரும் தம் தொகுதிகளைப் பார்க்கவில்லை. ஹால் கிளெமெண்டுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்த்தது. ஹாரி ஸ்டப்ஸ் என்ற இயற்பெயருடைய அவர், யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பின்பு மாஸசூஸெட்ஸின் மில்ட்டன் அகாடமியில் பல்லாண்டு விஞ்ஞானம் போதித்தவர், நெஸ்ஃபாவின் அங்கத்தினர். பௌதிக விதிகளுக்கு அணுவளவும் பிசகாமல் ஒரு கிரகத்தைக் கணக்கிட்டு, அதன்மேல் கதையை நிறுத்தும் சாமர்த்தியம் அவருடையது. 1999-லும் அடுத்த ஆண்டிலுமாக அவருடைய எழுத்துக்கள் மூன்று பாகங்களாக வந்தன. 2003-இல் அவர் காலமானார்.

2009-இல் ராஜர் ஸெலாஸ்னியின் கதைகளும் கவிதைகளும் ஆறு பாகங்களாக வரத் தொடங்கின. நம் தேவர்களின் பெயர்களை ஒரு தூர கிரகத்து மாந்தருக்குச் சூட்டி 'லார்ட் ஆஃப் லைட்' என்ற நாவலை எழுதியவர் அவர். புராணங்களும் பழங்கவிதைகளும் அவர் எழுத்தில் இழையோடாத பக்கம் அரிது. ஆகையால் பதிப்பாசிரியர் மூவரும் ஒவ்வொரு கதைக்கும் பின்னே குறிப்புரை வகுத்தனர்: கதை எப்போது, எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது, எந்தச் சொல் எந்தப் புராணத்தைச் சுட்டுகிறது, எந்த வரி எந்தக் கவியை நினைந்து எழுந்தது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு.