துணி வெளுக்க வந்த பொடி

பிளீச்சிங் பவுடரைத் தெரியாதவர் நம்மில் யார்? வெள்ளம் வடிந்த தெருவில் தூவுகிறார்கள், கிணற்றில் கரைத்து ஊற்றுகிறார்கள், கழிவறை மூலையில் ஒரு பொட்டலம் எப்போதும் கிடக்கிறது. ஆபத்துக் காலத்தில் ஓர் ஊரின் குடிநீரையே காத்துக் கொடுக்கும் இந்தப் பொடிக்கும் தண்ணீருக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. துணி வெளுக்கப் பிறந்த பொடி அது.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புதுத் துணியை வெளுக்க மாதக்கணக்கில் ஆகும். காரநீரில் அவிப்பார்கள், புளித்த மோரில் ஊறவைப்பார்கள், புல்வெளியில் விரித்து வெயில் காட்டுவார்கள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நூற்பு இயந்திரங்கள் வந்து துணி மலையாகக் குவியத் தொடங்கியதும் புல்வெளி போதவில்லை. 1774-ல் ஸ்வீடனில் கார்ல் ஷீலே என்ற மருந்தாளர், மாங்கனீசுத் தாதுவோடு அமிலத்தைச் சேர்த்தபோது மூச்சை அடைக்கும் மஞ்சள் பச்சை வாயு ஒன்று கிளம்பியது. பூவும் இலையும் அதில் நிறமிழந்ததை அவர் குறித்து வைத்தார். குளோரின்தான் அது. 1785 வாக்கில் பாரிஸில் வேதியியலாளர் பெர்த்தோலே அதைக் கொண்டு துணியை வெளுத்துப் பார்த்தார். ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் வந்தவர்களுக்கெல்லாம் செய்தும் காட்டினார். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட். அவருடைய மாமனாருக்குக் கிளாஸ்கோவில் துணி வெளுக்கும் தொழில். மாப்பிள்ளை வழியாகச் செய்தி ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வாயுவைக் கையாள்வது பெரும்பாடு. தொழிலாளிகள் இருமிச் சோர்ந்தார்கள். நெசவு கற்று வெளுப்புத் தொழிலுக்கு வந்த சார்லஸ் டென்னன்ட், குளோரினைச் சுண்ணாம்பு நீரில் ஏற்றி 1798-ல் காப்புரிமை வாங்கினார். அக்கம்பக்கத்து வெளுப்பாளர்கள் விடுவார்களா? அப்படியே காப்பியடித்தார்கள். வழக்குப் போட்டார், இதை முன்பே செய்தவர்கள் உண்டு என்று காப்புரிமையே ரத்தானது. அவரைக் காப்பாற்றியது 1799-ல் வாங்கிய இன்னொரு காப்புரிமை: குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றிக் கிடைத்த உலர்ந்த பொடி. இந்த யோசனையில் தொழில் கூட்டாளி சார்லஸ் மக்கின்டாஷுக்குப் பெரும்பங்கு உண்டு என்பார்கள். பின்னாளில் மழைக்கோட்டு தந்த அதே மக்கின்டாஷ்தான். பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்ற முடிந்ததால் பொடி உலகம் சுற்றத் தொடங்கியது. நம் ஊர் ஜவுளிக் கடைகளில் ‘கிளாஸ்கோ மல்’ என்று பெருமையாக விற்ற வேட்டித் துணியின் பெயரில் இருப்பதும் இதே கிளாஸ்கோதான்.

துணியிலிருந்து நோய்க்கு அது தாவியது ஒரு நாற்றத்தின் வழியாக. பாரிஸில் விலங்குக் குடலைப் பதப்படுத்தித் தந்தி செய்யும் பட்டறைகளின் பக்கம் யாரும் போக முடியாது. அந்த நாற்றத்தை ஒழிக்க அறிவித்த பரிசை 1820களின் தொடக்கத்தில் லபராக் என்ற மருந்தாளர் வென்றார். கருவி, குளோரின் கலந்த நீர்மங்கள். 1824-ல் மன்னர் பதினெட்டாம் லூயி உடல் அழுகி இறந்தபோது, பிணத்தின் நாற்றத்தை அடக்க அவரைத்தான் அழைத்தார்கள். நாற்றமே நோய் என்று நம்பிய காலம் அது. ஆகவே காலரா வந்தால் தெருவிலும் சாக்கடையிலும் இதைக் கொட்டினார்கள். தெருவோரம் பொடியைக் கோலம்போல் தூவும் நம் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாற்றம் போகும்; குடிக்கிற தண்ணீருக்குள் இருக்கும் கிருமி போகாது.

அந்தத் தவறான நம்பிக்கையே ஒருமுறை சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது. 1847-ல் வியன்னா மருத்துவமனையில், பிணங்களை அறுத்துப் படித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்கப் போவதை அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் கவனித்தார். கையில் ஒட்டிய பிண வாடையைப் போக்க, குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த வார்டில் ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு 2 பேர்.

இவ்வளவுக்குப் பிறகும் அது குடிநீரைத் தொட இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. குடிக்கும் தண்ணீரில் ரசாயனமா என்ற தயக்கம். 1897-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது குழாய்களைக் கழுவப் பயன்பட்டது. 1905-ல் லிங்கன் நகரில் குடிநீரிலேயே குளோரின் சேர்ந்தது. பெரிய துணிச்சல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நடந்தது. தூய நீர் தரவில்லை என்று தண்ணீர்க் கம்பெனி மேல் நகரம் வழக்குப் போட்டது. கம்பெனியின் ஆலோசகர் டாக்டர் ஜான் லீல். உள்நாட்டுப் போரில் மருத்துவராக இருந்த தன் தந்தை, அங்கே தொற்றிய வயிற்றுக்கடுப்போடு ஆண்டுக்கணக்கில் போராடி மடிந்ததைப் பார்த்தவர். 1908 செப்டம்பர் 26 அன்று, யாரிடமும் அனுமதி கேட்காமல், நாள் ஒன்றுக்கு 4 கோடி காலன் நீரில் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சொட்டவிடத் தொடங்கினார். நீதிமன்றம் கடைசியில் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற நகரங்கள் பார்த்துச் செய்தன. டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன.

ஏழே ஆண்டுகளில் அதே குளோரின் கொல்லும் ஆயுதமானது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியப் படை அதை வாயுவாகத் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் படையின் தண்ணீர் வண்டிகளிலோ அதே குளோரின் பொடியாக உயிர் காத்தது. எவ்வளவு பொடி போடுவது என்று கண்டுபிடிக்க ஹாரக்ஸ் என்ற ராணுவ மருத்துவர் பெயரில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பைகள், 2 கிராம் பிடிக்கும் கரண்டிகள். கறுப்புக் கோப்பையில் பொடியைக் கரைத்து, வெள்ளைக் கோப்பைகளில் இருக்கும் தண்ணீரில் முறையே ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று விட வேண்டும். அரை மணி கழித்து மாவுச்சத்து அயோடைடு. எந்தக் கோப்பையில் முதலில் நீலம் தெளிவாகத் தெரிகிறதோ அதன் எண்ணை இரண்டால் பெருக்கினால், 455 லிட்டருக்கு அத்தனை கிராம். இந்தப் பெட்டியை நம் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கிராமத்துக் கிணறுகளுக்கு நாக்பூரின் ‘நீரி’ சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் இன்னொரு வழி கண்டது: மணலும் பொடியும் கலந்து, துளையிட்ட பானையில் அடைத்து, அதைத் துளையுள்ள இன்னொரு பானைக்குள் வைத்துக் கயிற்றில் இறக்கினால், மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

2004 சுனாமியிலும் 2015 சென்னை வெள்ளத்திலும் இந்தப் பொடியும் குளோரின் மாத்திரையும் நம் பக்கம் என்ன வேலை செய்தன என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பொடியைச் சரியாகக் கையாளத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த சம்ப்பை முதலில் இறைத்துக் கழுவுங்கள். கலங்கல் நீரில் குளோரினின் சக்தி அழுக்கிலேயே செலவாகிவிடும். தெளியவிட்டு வடிகட்டிய பிறகுதான் மருந்து. 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அப்படியே கொட்டாதீர்கள். கொஞ்சம் நீரில் குழைத்து, மேலும் நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் குடிக்கலாம். ஈயம், பூச்சிமருந்து போன்ற விஷங்களை இது நீக்காது. காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் பொடி வீரியம் இழக்கும். போன வருஷப் பொட்டலத்தை நம்பாமல் ஐப்பசிக்கு முன்பே புதிதாக வாங்கி, இறுக மூடிய டப்பாவில் குழந்தைகளுக்கு எட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள்.