சகுந்தலையா, தமயந்தியா? கொலுப்படியில் ஒரு ஜெர்மன் பொம்மை

இந்த எபிசோட் ஸ்ரீரங்கத்துல, உத்திர வீதியில இருக்கிற எங்க பாட்டி வீட்டுப் பரண்ல ஆரம்பிக்குது. நவராத்திரிக்கு முன்னாடி கொலுப் பெட்டியை இறக்குற வேலை வருஷா வருஷம் என் தலையிலதான். எல்லா பொம்மையும் பழைய வேட்டித் துணியில சுத்தி இருக்கும். அதுல ஒண்ணு மட்டும் மண் பொம்மை இல்லை. ஒரு சாண் உயரம், வெள்ளைப் பீங்கான், கறுப்பு முடி, நெத்தியில யாரோ தீட்டின குங்குமம். இடது கை மணிக்கட்டோட போயிடுச்சு. இடுப்புல ஜரிகை வச்ச பட்டுப் பாவாடை, நிஜத் துணி. அடியில கண்ணைச் சுருக்கிப் பார்த்தா, "மேட் இன் ஜெர்மனி".

பாட்டி இதை சகுந்தலைன்னு சொல்வாங்க, சித்தி தமயந்தின்னு சொல்வாங்க. ரொம்ப வருஷ சண்டை. இந்தத் தடவை ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து பார்த்துட்டு, "முதல்ல இது யாருன்னு முடிவு பண்ணுங்க. பேர் தெரிஞ்சா ஒரு விலை, தெரியலைன்னா வேற விலை"ன்னு சொல்லிட்டுப் போனார். வீட்டுக்கு மேல்தளம் ஒழுகுது, பணம் தேவை. சரி, கண்டுபிடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

கதாபாத்திரங்களை பொம்மையா வித்து காசு பண்றது மார்வெல் ஆரம்பிச்ச விஷயம் இல்லை. இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 19-ஆம் நூற்றாண்டுலயே அதை ஒரு தொழிலா நடத்தினாங்க. ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதின 'அங்கிள் டாம்ஸ் கேபின்' அமெரிக்காவுல 1851-ல ஒரு பத்திரிகையில தொடரா ஆரம்பிச்சு, 1852-ல புத்தகமா வந்தது. இங்கிலாந்துல பைத்தியமா ஓடுச்சு. சீக்கிரமே டாம் தாத்தாவும் குட்டிப் பொண்ணு ஈவாவும் சேர்ந்து இருக்கிற பொம்மைகள் கடைக்கு வந்துடுச்சு. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அப்போ காப்புரிமை ஒப்பந்தமே கிடையாது, அது 1891-லதான் வந்தது. அதனால புத்தகத்தையே யார் வேணா அச்சடிக்கலாம், பொம்மையை யார் கேட்கப் போறா?

அந்த பொம்மைகளுக்கு முதுகு தட்டையா இருக்கும். கணப்பு மாடத்து மேல சுவரோட ஒட்டி வைக்கிறதுதானே, பின்பக்கம் யார் பார்க்கப் போறாங்க? நம்ம கொலு பொம்மைக்கும் முதுகுல பெயின்ட் சுமாராத்தான் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். அதே ஸ்டாஃபோர்ட்ஷயர்ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பொம்மை ஒண்ணு பண்ணாங்க. முகம், கோட்டு எல்லாம் ஃபிராங்க்ளின். ஆனா பல பொம்மைகள்ல கீழ "வாஷிங்டன்"னு எழுதி இருக்கு. கோட் மாறலை, வேரியபிள் பேர் மட்டும் மாறிடுச்சு. வாங்கினவங்களும் வாஷிங்டன்னு நம்பித்தான் வீட்டுல வச்சாங்க.

ஸ்டாஃபோர்ட்ஷயர் பொம்மைகள்ல பெரும்பாலானது சாதா சுட்ட மண். ஜெர்மனியில, குறிப்பா தூரிங்கியா பக்கம், மலிவான அசல் பீங்கான் பொம்மைகள் குவியல் குவியலா தயாராச்சு. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க. பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சும், ஓரத்துல ஒரு தோல் கட்டும், மிச்சக் கூழைக் கவிழ்த்துடுவாங்க. அதனாலதான் உள்ளே கூடு. கை, தலை எல்லாம் தனித்தனி அச்சு. அதே கூழைத் தொட்டு ஒட்டி, 1,300 டிகிரிக்கு மேல சுடுவாங்க. எங்க பொம்மைக்கு கை ஏன் முதல்ல போச்சுன்னு இப்ப புரியுதா?

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது? ரவி வர்மா 1894-ல பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சார். இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து. முதல்ல வந்த படங்கள்ல ஒண்ணு சகுந்தலையின் பிறப்பு. அந்த வண்ணப் படங்கள் வீடு வீடா போச்சு. அதைப் பார்த்து ஜெர்மன்காரங்க லட்சுமி, சரஸ்வதி, யசோதா-கிருஷ்ணர்னு பீங்கான்ல செஞ்சு நமக்கே கப்பல்ல அனுப்பினாங்க. நம்ம திருச்சியிலிருந்து 90 கிலோமீட்டர்ல காரைக்குடி. செட்டிநாட்டு வீடுகள்ல இந்த பொம்மைகள் நிறைய சேர்ந்தது. வந்ததை அப்படியே வைக்காம, துணியும் மணியும் ஜரிகையும் தைச்சுப் போட்டாங்க.

எதிர்த் திசையிலயும் சரக்கு போச்சு. அதே நூற்றாண்டுல திருச்சி ஓவியர்கள் மைக்கா தகடுல, அதான் அபிரகத்துல, நம்ம ஊர் தொழிலாளிகள், வேலைக்காரர்கள், சாமி ஊர்வலம்னு செட் செட்டா வரைஞ்சு வெள்ளைக்காரங்களுக்கு வித்தாங்க. இன்னைக்கும் லண்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. அதுக்குத் தனி எபிசோடே போடலாம்.

சரி, எங்க வழக்குக்கு வருவோம். ஜெர்மனின்னு முத்திரை இருக்கிறதால 1880-கள் கடைசிக்கு அப்புறம்னு ஊகிக்கலாம். எந்த நாட்டுச் சரக்குங்கிறதுல ஏமாத்தி முத்திரை போடக் கூடாதுங்கிற சட்டம் பிரிட்டன்ல 1887-லயும் இந்தியாவுல 1889-லயும் வந்தது. ஆள் யாரு? ரவி வர்மாவோட தமயந்தின்னா பக்கத்துல அன்னம் இருக்கணும். சகுந்தலைன்னா கால்ல முள் குத்தின சாக்குல திரும்பிப் பார்க்கணும். இது நேரா நிக்குது. அன்னமும் இல்லை, முள்ளும் இல்லை. அடையாளம் ஏதாவது இருந்திருந்தா அது அந்த உடைஞ்ச கையில போயிருக்கும்.

வியாபாரி மறுபடி வந்தார். பாவாடையைக் கழட்டிப் பார்க்கலாம்னார். பாட்டி முகம் மாறிடுச்சு, அது அவங்க மாமியார் கையால தைச்சது. சித்தி மெதுவா தையலைப் பிரிச்சாங்க. உள்ளே பீங்கான்லயே ஒரு ஐரோப்பிய கவுன். ஓரத்துல சுருக்கம், இத்துனூண்டு ரோஜாப்பூ. சகுந்தலையும் இல்லை, தமயந்தியும் இல்லை. ஏதோ ஒரு ஜெர்மன் சீமாட்டி. குங்குமமும் பட்டும் போட்டு நம்ம வீட்டுலதான் யாரோ அவளை மாத்தியிருக்காங்க.

வியாபாரி விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். சித்தி என்னைப் பார்த்தாங்க, நான் ஒழுகுற தளத்தைப் பார்த்தேன். பாட்டி மட்டும் ஊசியில நூல் கோத்துக்கிட்டே, "அப்ப சகுந்தலைதான்டா. கட்டின ராஜாவுக்கே அவளை அடையாளம் தெரியலையே, இந்த மனுஷனுக்கு எங்க தெரியப் போகுது?"ன்னாங்க.

தளத்துக்கு நான்தான் இஎம்ஐ கட்டறேன். பொம்மை மூணாவது படியில, பாவாடையோட. சித்தி இன்னும் தமயந்தின்னுதான் சொல்றாங்க.

உங்க வீட்டுல பழைய பீங்கான் பொம்மை இருந்தா அடியைத் திருப்பிப் பாருங்க, போட்டோ அனுப்புங்க. தூக்கும்போது தயவுசெஞ்சு கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க.